கஞ்சி போட்ட பேய், காசி அல்வா, கொஞ்சம் ஆலம்

முன்வாசல் பக்கம் போய்விடாதீர்கள்! அங்கே இன்னும் ஒரு பேய்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. இப்படிக் கொல்லைப்புறமாக, முருங்கை மரத்தைச் சுற்றி, குனிந்து வாருங்கள். கொடியில் தொங்குவதில் தலை இடிக்கும், இன்னும் ஈரம்.

இது குயிலாப்பாளையம். ஆரோவில்லின் பேக்கரியும் பட்டறைகளும் பள்ளிகளும் கிராமத்துத் தெருக்களோடு தோள் உரசிக்கொண்டிருக்கும் இடம். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் கொட்டித் தொடங்கிய ஊர் ஆரோவில். அங்கே வளரும் குழந்தைகள் எந்த நாட்டுப் பண்டிகையைக் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அக்டோபர் 31 வந்தால் ஹாலோவீன் கேட்கிறார்கள். மஞ்சள் முடிப் பையன்களும் கேட்கிறார்கள், பக்கத்துத் தெருவில் கபடி ஆடும் பையன்களும் கேட்கிறார்கள். சாயங்காலம் ஆறரைக்கு எல்லாரும் இந்த வீட்டில் கூடுவார்கள். இப்போது மணி இரண்டு. வடகிழக்குப் பருவமழை வாசலில் நின்று உள்ளே வரட்டுமா என்கிறது.

ஆன்லைனில் ஒரு சொடுக்கில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு வரும், தெரியும். இந்த வீட்டில் அதற்குத் தடை. கடற்கரைக்கும் செம்மண் மேட்டுக்கும் நடுவே கிடைக்கிற சாமானை வைத்தே பேய் பிடிக்க வேண்டும் என்பது விதி. விதி போட்டவர் இந்த வீட்டு ஆயா. ஹாலோவீன் என்றால் என்னவென்று அவருக்குப் போன வாரம்தான் தெரிந்தது. கேட்டுவிட்டு, “இதுக்காடா கடைக்குப் போறீங்க? எங்கிட்ட கேட்டா ஊரு பேய் அத்தனையும் செஞ்சு தர மாட்டேனா?” என்றார். செய்தும் தருகிறார்.

முதலில் அந்தக் கொடியைப் பாருங்கள். தாத்தாவின் பழைய மல் வேட்டி, நான்காகக் கிழித்தது. அரை டம்ளர் ஜவ்வரிசியை நான்கு டம்ளர் தண்ணீரில் கண்ணாடியாகும் வரை காய்ச்சி, வடிகட்டி, அந்தக் கஞ்சியில் துணியை முக்கிப் பிழிந்திருக்கிறார்கள். புடவைக்குப் போடுவதை விடக் கெட்டியான கஞ்சி. அடுத்தது வேடிக்கை. தண்ணீர் பாட்டிலின் தலையில் ஒரு ரப்பர் பந்து, அதற்குமேல் ஒட்டாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை (ஆயாவின் விதியில் பழைய பால் பாக்கெட்டுக்கு மட்டும் விலக்கு), இருபுறமும் கைக்கு வளைத்த கம்பி. இதன்மேல் துணியைப் போர்த்தி மடிப்பு மடிப்பாக இழுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே விட்டுவிட வேண்டும். காய்ந்ததும் பாட்டிலையும் கம்பியையும் உருவினால், உள்ளே யாருமே இல்லாமல் பேய் தானாக நிற்கும்! கண்ணுக்கு இரண்டு கரிப்பொட்டு போதும்.

நேற்று இரவு காயவைத்தவை மொடமொடவென்று நிற்கின்றன. காலையில் போட்டவை மழைக்காற்றில் தளர்ந்து, கல்யாணம் முடிந்து களைத்துப்போன மாமாக்களாகச் சரிந்துகொண்டிருக்கின்றன. “அதையும் வைங்கடா, வயசான பேய்” என்று ஆயா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

திண்ணைக்கு வாருங்கள், பூசணி பிரிவு. இங்கேதான் சண்டையும். ஒரு கட்சி பரங்கிக்காய், ஒரு கட்சி சாம்பல் பூசணி. படங்களில் வருவது ஆரஞ்சு நிறம்தானே, அதனால் பரங்கி என்பது சிறுவர் கட்சி. முகம் எழுதுவதென்றால் சாம்பல் பூசணிதான் என்பது ஆயா கட்சி. நான் ஆயா கட்சி. பாதி கட்டிய எந்த வீட்டையும் பாருங்கள்: உருட்டு விழி, முறுக்கு மீசை, கோரைப் பல்லோடு ஒரு பூசணி தொங்கும். ஆயுத பூஜையில் அதன் தலையில் சதுரமாக வெட்டி, குங்குமமும் சில்லறையும் இட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, சுற்றி உடைப்போம். தெருவுக்குத் தெரு பயமுறுத்தும் காய் நம்மிடம் எப்போதும் இருந்தது. ஆயுத பூஜை போய்ச் சில வாரம்தான் ஆகிறது. சந்தையில் இப்போதும் கிடைக்கிறது.

உண்மையில் அமெரிக்கப் பரங்கிக்கே முகம் வெட்டுவது சொந்த ஊர் வழக்கமல்ல. அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சம்ஹெய்ன் இரவில், டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் முகம் வெட்டினார்கள். அங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்காவில் டர்னிப்பை விடப் பெரிதாக, மிருதுவாக ஒரு காயைக் கண்டு மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் மாற்றலாமென்றால் நாமும் மாற்றலாம்.

சாம்பல் பூசணிக்கு வண்ணமே தேவையில்லை என்பதுதான் இன்றைய பெரிய ரகசியம். அதன் தோலில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, மெழுகுப் பொடி, அதை விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் அடியிலிருந்து கரும்பச்சை வெளிவரும். கோடு கோடாகத் தேய்த்து விழி, மூக்கு, பல் எல்லாம் எழுதிவிடலாம். மூன்று வயசுக் குழந்தைக்கும் கத்தி இல்லாமல் ஒரு பூசணி கொடுக்கலாம். பெயின்ட் படாததால் நாளைக் காலையில் அதே பேய் காசி அல்வாவாகும். பெயின்ட் அடித்தே தீருவேன் என்பவர்கள் முதலில் ஈரத் துணியால் பொடியைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வண்ணம் உரிந்து வரும்.

பரங்கிக் கட்சியின் கூடாரத்தில் இன்னொரு கண்டுபிடிப்பு. மூடியைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் உள்ளே விழாது. அது எல்லாருக்கும் தெரிந்தது. குடைவதற்கு ஸ்பூனோடு மல்லாடுகிறார்களே, அங்கேதான் ஆயா தேங்காய்த் துருவியை இறக்கினார்! துருவியின் பல் உள் சதையை மழமழவென்று வழித்துத் தருகிறது. அந்தத் துருவல் நேராகப் பால்கூட்டுக்குப் போகிறது. விதை கழுவி, உப்புத் தண்ணீரில் நனைத்து, வாணலியில் வறுபடுகிறது. உள்ளே அகல் வைப்பதானால் பின்பக்கம் ஒரு புகைத்துளை விடுங்கள், இல்லையென்றால் மூடி வெந்துவிடும். இந்த ஈரக் காற்றில் வெட்டிய பரங்கி இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, பூஞ்சை பூத்துவிடும். விருந்தன்றே வெட்டுவது உத்தமம்.

விளக்குக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது, வேலை நடக்கட்டும், சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துச் சதுப்பு நிலங்களில் இரவில் மினுங்கி அலையும் வெளிச்சத்தை, நெருப்புக் கங்கு ஏந்தித் திரியும் ஜாக் என்கிற ஆவி என்றார்கள். அதே வெளிச்சத்துக்கு நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். மக்கும் சேற்றிலிருந்து எழும் வாயு என்பது நெடுநாள் விளக்கம். ஆரோவில்லுக்கு வடக்கே, மரக்காணம் வரை நீளும் கழுவேலிச் சதுப்பு இருக்கிறதே, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அதைவிடப் பொருத்தமான பிசாசு வீடு எங்கே கிடைக்கும்? இந்த மாதங்களில் அங்கே வந்து இறங்குவது என்னவோ வலசைப் பறவைகள். சிறுவர்களிடம் அதைச் சொன்னபோது ஏமாற்றமாகப் பார்த்தார்கள்.

ஐயையோ, அந்தக் குண்டாவை மிதித்துவிடாதீர்கள்! அது ரத்தம்.

அதாவது ஆலம். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு, அவ்வளவுதான். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தோடு சேர்ந்ததும் சிவந்துவிடும். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க இதைக் கலக்கும்போது யாரும் வாய்பிளப்பதில்லை. இன்று வெள்ளைத் துணியில் மஞ்சள் பூசிய கையை விரித்து அச்சுப் பதித்து, கையை எடுத்தபின் அந்த அச்சின்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்தார்கள். கண்முன்னே மஞ்சள் கை ரத்தக் கையானது! கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சவுக்குத் தோப்புக்கு ஓடிவிட்டன. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும், அதற்கு இரண்டாவது கத்தல். சுண்ணாம்பு கண்ணிலும் தோலிலும் படக்கூடாது, துணிக்கும் காகிதத்துக்கும் மட்டும். சட்டையில் பட்ட மஞ்சள் கறைக்குக் கவலைப்படாதீர்கள், நல்ல வெயிலில் தொங்கவிட்டால் மங்கும். வெயில் எப்போது வரும் என்பது வேறு விஷயம்.

முகத்துக்கு வேறு சரக்கு. சந்தனம், குங்குமம், விளக்கெண்ணெய் விளக்கின் புகையைப் பித்தளைத் தட்டில் பிடித்த மை. தெருக்கூத்துக்காரர்களின் மஞ்சள் அரிதாரத்தைத் தேடிப்போகாதீர்கள். அது ஆர்சனிக் சேர்ந்த கனிமம், பிள்ளைகள் முகத்துக்கு ஆகாது. ஆனால் ஒப்பனைக்குக் குரு வேண்டுமென்றால் இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்மலையனூர் இருக்கிறது. மகா சிவராத்திரிக்கு அடுத்து வரும் மாசி அமாவாசையில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. காளி வேடம் கட்டுபவர்கள் நீலமும் பச்சையும் சிவப்பும் பூசி, சரிகைக் கிரீடம் வைத்து, கூடுதலாக மரக் கைகள் கட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருவார்கள். அங்கே சாம்பலும் மண்ணும் சேர்த்து அம்மன் உருவத்தைப் படுத்த நிலையில் செய்து வைத்திருப்பார்கள். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மனின் கபாலத்தை, மயானத்தில் சோற்றை இறைத்து, அது தின்ன இறங்கும்போது அம்மன் மிதித்து அழித்தாள் என்பது கதை. அதனால் வேகவைத்த பயறு, கொழுக்கட்டை, காய்கறி, தானியம் எல்லாம் மயானத்தில் சூறை விடப்படும். கைக்குக் கிடைத்ததைக் கொண்டுபோய் வயலில் தூவினால் விளைச்சல் பெருகும் என்பார்கள். சுடுகாட்டில் வேடம், வானத்திலிருந்து தின்பண்டம்! அமெரிக்கக் குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதெல்லாம் இதற்கு முன்னால் சப்பை. அது வழிபாடு, இது விளையாட்டு. அந்தக் கோட்டை மட்டும் ஆயா கறாராக வைத்திருக்கிறார். அம்மன் வேடம் இங்கே கிடையாது. மோகினி, முனி, ரத்தக்காட்டேரி, குட்டிச்சாத்தான் போன்ற பதவிகளுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம்.

கிணற்றடியில் குவிந்திருப்பது எலும்புகள். மரக்காணம் உப்பு! கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் இருபுறமும் பாத்தி பாத்தியாகத் தெரியுமே, அந்த உப்புதான். மழை தொடங்கியதும் உப்பளங்கள் ஓய்ந்துவிடும். குவித்து மூடிவைத்த சரக்கு கடைக்கு வந்துகொண்டிருக்கும். கல் உப்பை மிக்ஸியில் பொடித்து, ஒரு கப் உப்புக்கு இரண்டு கப் மைதா, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்தால் களிமண் தயார். விரல் எலும்பு, பல், மண்டையோடு எது வேண்டுமானாலும் உருட்டலாம். உப்பு இருப்பதால் மாவு கெடாது. ஆனால் அதே உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மழைநாளில் எலும்பு வியர்க்கும். மிதமான சூட்டில் ஓவனிலோ, கனமான தோசைக்கல்லில் மூடிபோட்டோ நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். நாய்க்கு எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள், அவ்வளவு உப்பு அதற்கு ஆபத்து.

உப்பும் பொம்மையும் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. மரக்காணம்தான் பழைய எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் அந்தப் பட்டினம் வருகிறது. அதே நூலில், தெற்கே கொற்கைப் பக்கம், உப்பு வணிகரின் பிள்ளைகளோடு ஒரு குரங்கு, கிளிஞ்சலின் வயிற்றுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது! முத்துக்கு எங்கே போவது? கிளிஞ்சலுக்குள் நாலு உளுந்தைப் போட்டு ஓரத்தை ஒட்டிவிட்டோம். வரும் ஒவ்வொரு பேய்க்கும் ஒன்று. சத்தம் தாங்கவில்லை.

இந்தப் பக்கம் பனந்தோப்பு இலாகா. ஆவணியில் பனம்பழம் சூப்பி எறிந்த கொட்டைகள் மரத்தடியெல்லாம் கிடக்கும். நாரோடு காய்ந்த கொட்டையைச் சீப்பால் வாரிவிடுங்கள், தாடி மீசையோடு ஒரு குட்டித் தலை சிரிக்கும். இரண்டு சோழி கண். வரிசையாகக் கட்டி நிலைப்படியில் தொங்கவிட்டால் இந்த வீட்டு அலங்காரத்திலேயே இதுதான் அசல் பயம், என் முதல் பரிசும் இதற்குத்தான். போன புயல் காற்றில் கவிழ்ந்த கறுப்புக் குடைகளைக் கம்பியோடு கம்பியாகப் பாதியாக வெட்டி வௌவால் ஆக்கியிருக்கிறார்கள். தையல் கடைத் துண்டுத் துணியில் விரலளவு ஆவிகள் செய்வது பெண் பிள்ளைகள் கூட்டம். அவர்களுக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது: 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களோடு தொடங்கிய சுனாமிகா பொம்மை. கழிவுத் துணியில் செய்த சின்னஞ்சிறு பொம்மை, விலைக்கு விற்பதில்லை, பரிசாகவே கைமாறும். இங்கேயும் அதே வழக்கம், ஆவி வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, அடுப்படி! மூச்சை இழுத்து விடுங்கள்.

பேய் விருந்துக்குத் தமிழில் ஒரு மூலநூல் உண்டென்றால் அது கலிங்கத்துப் பரணி. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற களத்தில், ஜெயங்கொண்டாரின் பேய்கள் கூழ் காய்ச்சும். சும்மா காய்ச்சிவிடாது. யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, மூளையைத் தேய்த்துத் தலை முழுகி, ரத்த மடுவில் நீந்திவிட்டுத்தான் சமையல். பரிமாறும்போது குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய், விருந்தாளிப் பேய் என்று ஒவ்வொருவரையும் கவனிக்கும் உபசாரம் வேறு. எந்த ஹாலோவீன் புத்தகத்திலும் இந்தப் பட்டியல் இல்லை. பெரிய பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னோம். ஆரம்பத்தில் இருந்தே ‘சைவக் கூழ்தானே?’ என்று ஒரு குரல்.

சைவம்தான். கூழ் இடத்தில் கறுப்புக் கவுனி அரிசிப் பாயசம். எட்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் தாராளமாக விசில் விட்டு, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்தால் நடுநிசி நிறத்தில் கொதிக்கும். கண்விழி வேண்டுமா? பூரணம் வைக்காத வெள்ளைக் கொழுக்கட்டை உருண்டைகளை ஆவியில் வேகவைத்து, நடுவில் கறுப்புத் திராட்சைப் பாதியைப் பதித்து, பீட்ரூட் சாற்றில் தொட்ட பல்குச்சியால் நரம்பு இழுத்துவிடுங்கள். தட்டிலிருந்து நிமிர்ந்து உங்களையே பார்க்கும். இடியாப்பத்தைப் பீட்ரூட் சாற்றில் பிசைந்து குவித்தால் மூளை. அதைத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடும் மோகினியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கை முறுக்கு சிலந்தி வலை. நடுவே உலர்ந்த திராட்சை சிலந்தி.

பொரியுருண்டைதான் இன்றைய நாயகன். வெல்லம் போட்டால் பழுப்பாகும் என்பதால் மண்டையோட்டுக்குச் சர்க்கரைப் பாகு. எட்டு கப் பொரிக்கு ஒரு கப். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும், தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். கேட்டதும் அடுப்பை அணைத்து, பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடித்துவிடுங்கள். ஆறிவிட்டால் சாமியே வந்தாலும் பிடிக்காது. இரண்டு கிராம்பு குத்தினால் கண். சாப்பிடும் முன் கிராம்பைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

குடிப்பதற்கு மந்திரத் தண்ணீர். வேலியோரச் சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதா. குழந்தைகளே பிழியட்டும். மஞ்சளில் பார்த்த வித்தைக்கு இது அக்கா.

மழை விட்டிருக்கிறது, வெளியே வாருங்கள், ஒன்றே ஒன்று பாக்கி. அந்த மூலையில் பெரியப்பா ஒருவர் யாரையும் கிட்ட விடாமல் செய்துகொண்டிருப்பது மாவளி. கார்த்திகை தீபத்துக்குச் சுற்றுவது, ஒரு மாதம் முன்னாலேயே ஒத்திகை. ஆண் பனையின் காய்ந்த பாளையைக் குழியில் எரித்து, மண் போட்டு மூடிக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கிப் பருத்தித் துணியில் உருட்டிக் கட்டுவார். பிளந்த பனைமட்டைக்கு நடுவே செருகி, கயிறு கட்டி, நுனியில் கங்கு வைத்துச் சுற்றினால் பொறி பொறியாக நெருப்பு வட்டம்! எந்தப் பட்டாசுக் கடையும் விற்காத அழகு. பெரியவர்கள் கையில், கீற்றுக் கூரையும் முந்திரித் தோப்பும் இல்லாத வெட்டவெளியில் மட்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

நாளை நவம்பர் 1. 1954இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள், அங்கே விடுமுறை. குயிலாப்பாளையம் தமிழ்நாட்டில் இருப்பதால் இங்கே பள்ளி உண்டு என்று சில பேய்கள் இப்போதே அழுகின்றன. மறுநாள் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். புதுச்சேரிக் கல்லறைத் தோட்டங்களில் சுண்ணாம்படித்த கல்லறைகள்மேல் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக இருக்கும். மிச்சமான சாமந்தியைத் தூக்கிப்போடாமல் அங்கே போகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.

ஆறரைக்கு வந்துவிடுங்கள், வேடம் இல்லாமல் வந்தால் ஆயா முகத்தில் மை பூசிவிடுவார். உங்கள் வீட்டிலும் செய்வதானால் ஒரே ஒரு வேண்டுகோள்: பூசணியைச் சாலையில் உடைக்காதீர்கள், இரு சக்கர வண்டிகள் வழுக்கும். வெட்டிய பரங்கியை மாட்டுக்குப் போடும் முன் உள்ளேயிருக்கும் மெழுகையும் குண்டூசியையும் எடுத்துவிடுங்கள்.